ஃபோகஸ் லைட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர், கார்களிலும் பைக்குகளிலும் கூடுதலாக மாட்டியிருக்கிற ஃபோகஸ் லைட்டுகளை எல்லாம் போலீஸ் நடுரோட்டில் நிறுத்தி அங்கேயே கழற்றிப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவர் திட்டியிருந்த ஆட்களில் நானும் ஒருவன், இரண்டு வருஷம் முன்பு வரை. ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பிவிடுகிறவர்களுக்கு அது சரியாகப்படலாம், எங்களைப் போல ராத்திரி மலையேறுகிறவர்கள் கூடுதல் லைட்டை ஆசைக்காக மாட்டுவதில்லை. எதை மாட்டுவது, எங்கே மாட்டுவது, எப்படித் திருப்பி வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் கடைக்காரர் காட்டியதை வாங்கி மாட்டிவிடுகிறோம், தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில். வேலை கீழே சேலத்தில் ஒரு மில்லில், பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட். பத்து மணிக்கு முடிந்து, கைகால் கழுவி, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வருவதற்குள் பத்தே முக்கால் ஆகிவிடும். அங்கிருக்கிற கடை வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போனதும் வண்டி லைட்தான் துணை. அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பாதி மலைக்கு மேல் பனி வந்து ரோட்டில் உட்கார்ந்துகொள்ளும். வண்டி பழைய சின்ன கார். முன்பு 100 சிசி பைக்கில் போய்க்கொண்டிருந்தேன், நெஞ்சுச்சளி பிடித்த பிறகு வீட்டில் விடவில்லை.

காட்டெருமை பற்றி மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சேலத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு முழுக்கக் கறுப்பு, காலில் மட்டும் முட்டி வரைக்கும் வெள்ளை, யாரோ சாக்ஸ் மாட்டி அனுப்பிய மாதிரி. டிம் லைட்டில் வெளிச்சம் ஒரு உயரத்தோடு நின்றுவிடும் இல்லையா, அந்தக் கோட்டுக்குக் கீழே கால் தெரியும், உடம்பு இருட்டோடு இருட்டாகப் போய்விடும். ஒரு மார்கழி ராத்திரி, பதினான்காவது வளைவு தாண்டி இருக்கும், எனக்கு முன்னால் நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் ரோட்டைக் கடந்து போயின. மேலே ஒன்றுமே இல்லை. ஒரு நொடி எனக்கு அது என்னவென்றே புரியவில்லை, பேய் பிசாசு என்று பெரியவர்கள் சொன்ன கதையெல்லாம் மண்டையில் வந்து போனது. பிரேக்கை மிதித்து நின்றேன். அது திரும்பிப் பார்த்தபோதுதான் கண் மின்னியது, அப்புறம்தான் அந்த முதுகு எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. என் காரின் கூரை அளவு இருந்தது.

மறுநாளே ஷிப்டுக்கு முன்னால் சேலத்தில் ஒரு கடைக்குப் போய், கடைக்காரர் "அண்ணா, இது போட்டா ராத்திரி பகலாயிடும்" என்று எடுத்துக் காட்டிய எல்.ஈ.டி. பாரை, அதாவது நீளப் பட்டை லைட்டை, வாங்கிவிட்டேன். அட்டைப்பெட்டியில் 18,000 லூமன் (வெளிச்சத்தை அளக்கிற கணக்கு) என்று போட்டிருந்தது, அதற்குக் கீழேயே 36 வாட் என்றும் இருந்தது. அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்கு நூறு, நூற்றைம்பது லூமன் கொடுக்கும், அவ்வளவுதான். 36 வாட்டில் ஐயாயிரத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம், பதினெட்டாயிரம் எங்கிருந்து வரும்? சாதாரண கார்களில் இருக்கிற ஹெச்4 ஹாலோஜன் பல்பு பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட், அது கொடுப்பது பிரைட்டில் சுமார் 1,650 லூமன், டிம்மில் சுமார் ஆயிரம். அந்த ஆயிரம் லூமனை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஊர் உலகமெல்லாம் ராத்திரியில் வண்டி ஓட்டியிருக்கிறது. லைட் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் இருக்கிற லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள், இருநூறு முந்நூறு என்று வந்தால் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லூமன் கணக்கில் பொய் சொல்கிறவன் உள்ளே போட்டிருக்கும் ஒயரிலும் அதையேதான் செய்திருப்பான்.

சரி, மாட்டியாயிற்று. பம்பருக்கு மேலே, நேராகப் பார்க்கிற மாதிரி. முதல் ராத்திரி அடிவாரத்தில் சுவிட்சைப் போட்டதும் எனக்கு ராஜா மாதிரி இருந்தது. முதல் வளைவு வந்தது. வளைவில் திரும்பும்போது வண்டியின் மூக்கு எங்கே பார்க்கும்? பள்ளத்தைப் பார்க்கும். என்னுடைய பார் லைட், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் உச்சி வரைக்கும் வெள்ளையடித்து வைத்திருக்கிறது, இலை எண்ணலாம். நான் திரும்ப வேண்டிய ரோடு இடப்பக்கம் கும்மிருட்டு. முன்னால் அந்த வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் இருட்டாகத் தெரிந்தது. கண்ணின் பாவை சுருங்கிப் போனால் அது திரும்ப விரிய நேரம் எடுக்கும், வயது நாற்பது தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகமாக எடுக்கும். பக்கத்தில் வெளிச்சம் கொட்டக் கொட்ட தூரம் மங்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் பத்தாவது வளைவுக்கு மேலே பனி. அதில் பார் லைட்டைப் போட்டேன் பாருங்கள், கண்ணாடிக்கு முன்னால் வேட்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அணைத்துவிட்டு டிம்மில் ஊர்ந்துதான் வீடு சேர்ந்தேன்.

பனிக்கு உதவாவிட்டால் போகட்டும், பனி இல்லாத நாளில் காட்டெருமை தெரியுமே என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாள் கழித்துக் காலையில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கும் பெரியவர் வந்தார். முழங்கையில் மஞ்சள் பத்து.

"தம்பி, நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு மேல வந்தது உன் வண்டியா?"

"ஆமாங்கண்ணா, ஏனுங்க?"

"ஒண்ணுமில்ல. கண்ணு போயிருச்சு. ரோடு எங்கன்னு தெரியல, ஓரமா ஒதுங்குனேன், ஓடைல விழுந்துட்டேன்."

சத்தம் போட்டிருந்தால் கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சம்சாரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எதிரே வருகிறவர் கண் கூசிப்போனால் திரும்பச் சரியாக மூன்று நான்கு நொடியாவது ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற பைக் மூன்று நொடியில் 33 மீட்டர் போய்விடும். ஒரு மலை ரோட்டில் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது என்றால் என்ன என்று நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கே பாரைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்து, மில்லுக்குப் பக்கத்தில் லாரி ஒயரிங் பார்க்கிற ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவர் லைட்டைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்தார், அது மஞ்சள் பூத்துப் போயிருந்தது. இப்போது வருகிற வண்டிகளில் அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக், வெயிலில் பழுத்துவிடும். 800, 1,500, 2,000 நம்பர் என்று படிப்படியாகத் தண்ணீர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலீஷ் போட்டார். அடுத்து மீட்டரை எடுத்து, லைட் எரியும்போது பல்பின் பின்னால் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டரைக்கு மேல் இருக்கிறது, பல்புக்கு வருவது பத்தே முக்கால். நடுவில் இருக்கிற பழைய ஒயர், சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுகொண்டிருக்கிறது. "வோல்ட் பத்துல ஒரு பங்கு குறைஞ்சா வெளிச்சம் பத்துல மூணு பங்கு போயிரும் தம்பி. உன் வண்டில பாதி வெளிச்சம் ஒயர்லயே செத்துப்போச்சு, இதுல நீ புதுசா லைட் வாங்கி என்ன பண்ணப்போற?" என்றார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேராகக் கனமான ஒயர் இழுத்து, ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்) வைத்து, பழைய சுவிட்ச் ரிலேவை மட்டும் தட்டிவிடுகிற மாதிரி மாற்றினார், எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். அதே 60/55 பல்புதான். அன்றைக்கு ராத்திரி வேறு வண்டியை ஓட்டுகிற மாதிரி இருந்தது.

கூடுதல் லைட் தேடுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, ஹாலோஜன் டூமுக்குள் (பல்புக்குப் பின்னால் இருக்கிற பளபளப்பான கிண்ணம்) எல்.ஈ.டி. பல்பைச் சொருகுவது. பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், விலை குறைவு, பத்து நிமிஷ வேலை. ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கும். டூமின் அடியில் பட்டு மேலே திரும்பிவிடுகிற வெளிச்சத்தை அதுதான் மறைக்கிறது, எதிரில் வருகிறவர் கண் உயரத்துக்கு வெளிச்சம் ஏறாமல் கோடு கிழிப்பதும் அதுதான். டூமின் வளைவே அந்த இழை நிற்கிற இடத்துக்குக் கணக்குப் போட்டு அடித்தது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் பட்டையாக ஒட்டிய எல்.ஈ.டி. வந்தால் கோடு கலைந்து வெளிச்சம் கண்டபடி தெறிக்கும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது, எதிரில் வருகிறவருக்குக் கண் அவிந்துபோகும். நம் வாசகர் திட்டிய வண்டிகளில் நிறைய இந்த வகைதான் என்று நினைக்கிறேன், அதில் கழற்றுவதற்கு வெளியே ஒன்றும் மாட்டியிருக்காது.

இதெல்லாம் செய்த பிறகும் மலைக்குக் கூடுதல் லைட் வேண்டுமா என்றால், வேண்டும். இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொண்டை ஊசிப் பாதையில் யாரும் 40-க்கு மேல் போக முடியாது. 40-ல் போகும்போது ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி, அதில் 17 மீட்டர் போயிருப்போம். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 10 மீட்டர். ஆக முப்பது மீட்டருக்குள் நின்றுவிடலாம், இறக்கமும் ஈரமும் சேர்ந்தால் 40, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோமீட்டர் பாய்கிற லைட்டுக்கு இங்கே வேலையே இல்லை, ஏனென்றால் அரைக் கிலோமீட்டர் நேரான ரோடு இந்த மலையில் எங்கே இருக்கிறது? நமக்கு வேண்டியது அந்த ஐம்பது மீட்டருக்குள் இரண்டு ஓரமும், வளைவின் உள்பக்கமும், ஓடை எங்கே தொடங்குகிறது என்பதும். அதற்கு அகலமாக, தாழ்வாக, மேலே கத்தியால் வெட்டின மாதிரி நிற்கிற வெளிச்சம் வேண்டும். அந்த வேலைக்கென்றே செய்ததுதான் ஃபாக் லாம்ப். கடையில் எல்லாவற்றையும் ஃபோகஸ் லைட் என்ற ஒரே பெயரில் கொடுப்பார்கள், நாம்தான் கேட்க வேண்டும். எரியவிட்டுச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். படுக்கைவாக்கில் பட்டையாக, மேலே கோடு விழுந்தால் அது நமக்கானது. வட்டமாக நடுவில் ஒரு புள்ளி விழுந்தால் அது தூரத்துக்கான ஸ்பாட். கோடும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் சுவர், கூரை, கடைக்காரர் முகம் எல்லாம் ஒரே மாதிரி வெளுத்தால் அது வயலில் டிராக்டர் பின்னால் மாட்டுகிற வேலை லைட், ரோட்டுக்கு ஆகாது. நான் முதலில் வாங்கியது இந்த மூன்றாவது ரகம். கண்ணாடியிலோ உடம்பிலோ வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் ஒரு எண்ணும் அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், பக்கத்தில் பி (B) என்றோ எஃப்3 (F3) என்றோ இருந்தால் ஃபாக் லாம்ப் என்று சோதித்து முத்திரை வாங்கியது. போலி முத்திரையும் உண்டு, அதனால் சுவர்தான் கடைசி சாட்சி.

மாட்டுகிற இடம் ஹெட்லைட்டுக்குக் கீழே, எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு, ஆனால் கல் அடிபடாத உயரத்தில். கூரையில் மாட்டினால் வெளிச்சம் நம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்பிப் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். அடியிலிருந்து போனால் நம் பார்வைக்குக் கீழேயே போய்த் தார் ரோட்டைத் தொட்டுவிடும், பனியில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்பி வருவது குறைவு. மஞ்சளா வெள்ளையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று எங்கள் ஊரில் சத்தியமே செய்வார்கள், அது சரியில்லை. பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரிசு, அதனால் எந்த நிறமாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறு செய்கிற வேலை, அந்தக் கதையைப் பனிக்குக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். ஆனாலும் நான் மஞ்சள்தான் போட்டிருக்கிறேன். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் திரும்பி வரும்போது கண் கூசும், மஞ்சளில் அந்தக் கூச்சம் குறைவு, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு நெற்றி வலிப்பதில்லை. எதிரில் வருகிறவருக்கும் அப்படியே.

ஹாலோஜனா எல்.ஈ.டி.யா என்பதில் நான் சண்டை போட மாட்டேன். 55 வாட் ஹாலோஜன் இரண்டு என்றால் 110 வாட், பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பழைய வண்டிக்கு அது பாரம். 20 வாட் எல்.ஈ.டி. இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியருக்குள் முடிந்துவிடும், நான் போட்டிருப்பது அதுதான். ஹாலோஜனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சூட்டில் கண்ணாடியில் படிகிற பனி ஈரம் தானாகக் காய்ந்துவிடும். எல்.ஈ.டி.யின் முகம் சில்லென்று இருக்கும், இறங்கித் துணியால் துடைக்க வேண்டும். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் தூசி நுழையாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம், எங்கள் ஊர் மழைக்கு அது போதும். எதுவானாலும் ரிலேவும் ஃபியூஸும் தனியாகப் போடாமல் ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி முறுக்கிக் கொடுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். என் முதல் பாரை அப்படித்தான் மாட்டினார்கள். அந்த நாலைந்து நாளுக்குள்ளேயே டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் வெந்த வாசம் வந்தது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடித்தாலும் அது பேசாமல் இருக்கும்.

பைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சின்ன பைக்குகளில் ஹெட்லைட்டே 35/35 வாட்தான், வண்டி உண்டாக்குகிற கரண்டும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். அதில் நாற்பது அறுபது வாட் கூடுதலாகத் தொங்கவிட்டால் மெதுவாக வளைவு ஏறும்போது பேட்டரி இறங்கிக்கொண்டே வரும், ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காது. பத்துப் பத்து வாட்டில் இரண்டு போதும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும், அதோடு கூடுதல் லைட்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், பட்டப்பகலில் எதிரில் வருகிறவர் கண்ணைக் குத்துகிறது. தனி சுவிட்ச் வையுங்கள். கிராஷ் கார்டில் மாட்டினால் குலுக்கலில் நாளடைவில் தளர்ந்து முகத்தை மேலே தூக்கிக்கொள்ளும், மாதம் ஒருமுறை போல்ட்டைப் பாருங்கள்.

சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு, அதாவது வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போய் வருகிறவர்களுக்கு, தூரத்து லைட் வேண்டியிருக்கலாம், அங்கே வேகம் கூட. 80-ல் போனால் நிற்பதற்கு எழுபது மீட்டர் வேண்டும், டிம் லைட்டில் கறுப்புச் சட்டை போட்டவர் அதற்குள் தெரிந்தால் அதிர்ஷ்டம். ஆனால் தூரத்து லைட் பிரைட்டோடுதான் எரிய வேண்டும், டிம் அடித்ததும் தானாக அணைய வேண்டும், ஒயரை அப்படித்தான் கொடுக்க வேண்டும். தனி சுவிட்சில் கொடுத்தால் எதிரே வண்டி வரும்போது அணைக்க மறந்துவிடுவோம், நான் மறந்திருக்கிறேன். அப்புறம், அந்த ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு சிவப்பு லைட் கூட இல்லாமல் போகிற டிராக்டர் டிரெய்லருக்கு நம் வண்டியில் எத்தனை லைட் போட்டாலும் பத்தாது. எதிரில் லாரி வரும், டிம் போடுவோம், டிரெய்லர் அங்கேதான் இருக்கும். டிரெய்லரின் பின்பலகையில் ஒட்டுகிற சிவப்பு பிரதிபலிப்புப் பட்டை எங்கள் லைட்டைவிட எவ்வளவோ மலிவு. இதைப் பற்றி யாராவது ஒரு தனிக் கடிதம் எழுதினால் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம் வாசகர் கேட்டிருந்தார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 111, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டக் கூடாது என்கிறது, விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினால் தவிர. விதி 106 இன்னும் சுவாரசியமானது. முன்னால் எரிகிற எந்த லைட்டும் கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும், இல்லை ஓட்டுகிறவர் இறக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும், லைட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவருக்குக் கூசக் கூடாது. அதாவது எதிரில் வருகிறவருக்கு. எத்தனை வாட், என்ன கம்பெனி என்பதையெல்லாம் விட்டுவிட்டு எதிரில் வருகிறவர் கண்ணிலிருந்து ஒரு விதி எழுதியிருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. இதைச் சோதிக்க இயந்திரம் கூட வேண்டாம், ஒரு சுவரும் ஒரு டேப்பும் இருந்தால் போதும். எஃப்.சி.க்குப் போகிற வண்டிகளையும், மே மாதம் கோடை விழாவுக்கு மேலே ஏறுகிற வண்டிகளையும் அடிவாரத்தில் ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்து, ஏறிப்போயிருக்கிற லைட்டை ஒரு ஸ்பேனரால் இறக்கிவிட்டு அனுப்பினால் என்ன? ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அபராதம் போட்டு ரசீது கிழிப்பதற்கும் அவ்வளவு நேரம்தான். வாசகருக்கு என் பதில் இதுதான், கழற்றுவதற்கு முன்னால் இறக்கிப் பாருங்கள். இறக்கியும் கோடு விழாத லைட்டைத் தாராளமாகக் கழற்றுங்கள், நானே ஸ்பேனர் பிடிக்கிறேன்.

வளைவுகளில் ஓரத்து வெள்ளைக் கோடு அழிந்துபோன இடங்களில் திரும்ப அடித்தால் எங்களுக்கு லைட்டே பாதி வேண்டாம். ரோட்டில் பதித்த மினுக்குக் கற்கள் பெயர்ந்த இடத்தில் குழி மட்டும் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் செய்தால் மார்கழிக்கு உதவும்.

இன்னொன்றை எழுத விட்டுப்போய்விட்டது. மலையில் ராத்திரி ஓட்டுவதில் பகலைவிட ஒரு வசதி இருக்கிறது, வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருவது அதன் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். பாறையிலோ மரத்திலோ லேசாக ஒரு வெளுப்பு நகரும். அதைப் பார்த்ததும் டிம் அடித்து ஓரங்கட்டி, ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு நிற்போம். நான் பார் லைட் போட்டிருந்த நாலைந்து நாளும் அந்த வெளுப்பை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. என் வெளிச்சம் அதை முழுங்கியிருக்கிறது. மேஸ்திரி வண்டி வந்ததும் எனக்கு அதனால்தான் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காப்பிக்கொட்டை வைக்கிற குடோன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சுவரிலிருந்து 10 மீட்டரில், தரை மட்டமாக இருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், உள்ளே ஓட்டுகிற ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறித்துவிட்டு, டிம் லைட்டின் மேல்கோடு அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே விழுகிற மாதிரி திருகை முடுக்க வேண்டும். ஃபாக் லாம்ப்புக்கு நான் இன்னும் ஒரு நாலு விரல் இறக்கி வைத்திருக்கிறேன். பின்சீட்டில் மூட்டை ஏற்றுகிறவர்கள் மூட்டையோடு நிறுத்திப் பார்க்க வேண்டும், பாரம் ஏறினால் மூக்கு தூக்கும். மழையில் கோடு அழிந்தால் நானே திரும்பப் போட்டுவிடுகிறேன். மேஸ்திரி அண்ணன்தான் முதலில் வந்தார், அவர் பைக் லைட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் பால் வண்டித் தம்பி வந்தான், வாடகை ஜீப் இரண்டு வந்தன. நாகலூர் ரோட்டில் போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் ஏழு மணிக்கு மேல், இருட்டிய பிறகு வரலாம். எனக்கு ஷிப்ட் இருந்தாலும் ஸ்பேனர் வீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.